கல்லுக்குப் பொருத்தம் பார்ப்பது

ரெட்ஸ்டோன் என்பது நிஜத்தில் எந்தக் கல்? மித்ரில் என்றால் டைட்டானியமா, அலுமினியமா? அடமன்டைனுக்கு டங்ஸ்டன் கார்பைடு சரிவருமா? வீடியோ கேம் ஆடுகிற இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. ஒருவர் நிறத்தைச் சொல்வார், இன்னொருவர் கடினத்தன்மையைச் சொல்வார். அடர்த்தி, பளபளப்பு, உருகுநிலை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கடைசியில் ஏதோ ஒரு கனிமத்தின் பெயரில் வந்து நிற்பார்கள். கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம்தான். பத்துக்கு ஏழு பொருந்தினால் முடித்துவிடலாம்.

எனக்கும் இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி: இதை ஒரு விமர்சன முறையாகப் பயன்படுத்த முடியுமா? கேம்களைப் பற்றி எழுதும்போது கதை, பாத்திரம், இசை, வரைகலை எல்லாம் பேசுகிறோம். ஆனால் ஆடுகிறவர் மணிக்கணக்காகக் கையில் கோடரியோடு உடைத்துக்கொண்டிருப்பது கல்லை. அந்தக் கல் எப்படி உண்டானது, எப்படி வெளியே வருகிறது, வந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு கேம் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்று பார்த்தால், நிலத்தையும் உழைப்பையும் அது எப்படி நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பொருத்தத்தை ஒரே அட்டவணையாகப் போடாமல் பெயர், நிறம், தொழில், பூர்வீகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தம்

பெதஸ்டா நிறுவனத்தின் 'ஸ்கைரிம்' 2011-இல் வந்தது. பனிமலைகள், வாள், டிராகன். கூடவே கொல்லர் வேலை: தாதுவை வெட்டி, உலையில் உருக்கிப் பாளமாக்கி, நாமே கவசம் அடித்துக்கொள்ளலாம். தாதுப் பட்டியலில் பெரும்பாலானவை நம் உலகத்துப் பெயர்கள். இரும்பு, வெள்ளி, தங்கம், பாதரசம், மாலகைட், சந்திரகாந்தக் கல், குருந்தம். எபனி என்றால் நமக்குக் கருங்காலி மரம்; ஸ்கைரிமில் அது கரிய தாது. ஆரிகால்கம் பிளேட்டோ அட்லாண்டிஸைப் பற்றிச் சொல்லும்போது வருகிற உலோகம்.

நிஜப் பெயர் வைத்த கற்களில்தான் வேடிக்கை. இந்தக் கேமில் 'கண்ணாடிக் கவசம்' என்று ஒன்று உண்டு. எடை குறைவான கவசங்களில் மிக உயர்ந்த வரிசையில் வருவது. பச்சையாக மினுங்கும். அதைச் செய்யச் சுத்திகரித்த மாலகைட் வேண்டும். நிஜ மாலகைட் ஒரு செம்புத் தாது; செம்பு, கார்பனேட், ஹைட்ராக்சைடு சேர்ந்தது. மோஸ் கடினத்தன்மை அளவில் 3.5 முதல் 4 வரை. பேனாக்கத்தியால் கீறலாம். உலையில் போட்டால் செம்புதான் வரும். பச்சைக் கண்ணாடி வராது. பாதரசக் கதை இன்னும் சுவாரசியம். பாதரசம் மைனஸ் 39 டிகிரியில்தான் உறையும். ஸ்கைரிமின் குளிரில் அது உறைந்தே கிடந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதைப் பாளமாக்குகிற இடம் கொதிக்கும் உலை.

ஆக, பெயர்கள் இங்கே ஓசைக்காக வந்தவை. மாலகைட் என்ற சொல்லில் ஒரு பச்சை இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். இத்தோடு ஸ்கைரிமை ஓரங்கட்டிவிடலாம். ஆனால் பட்டியலில் குருந்தம் இருக்கிறது.

ஸ்கைரிமில் எஃகு செய்ய ஒரு பங்கு இரும்புத் தாதுவும் ஒரு பங்கு குருந்தத் தாதுவும் வேண்டும். கரி வேண்டாம். வேதியியல் படித்த யாரும் இங்கே சிரித்துவிடுவார்கள். எஃகு என்பது இரும்பும் கார்பனும். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு, அதாவது படிகமான அலுமினா. வைரத்துக்கு அடுத்த கடினம், மோஸ் அளவில் 9. சுமார் 2,040 டிகிரியில் உருகும். இரும்பே 1,538 டிகிரியில் உருகிவிடும். குரோமியம் கலந்து சிவந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். அழகில்லாத குருந்தத்தைப் பொடித்துச் சாணை பிடிக்கப் பயன்படுத்தினார்கள். இரும்போடு உருக்கி எஃகாக்கச் சொல்வது அபத்தம்.

அபத்தம்தான். ஆனால் இந்த அபத்தத்தை ஸ்கைரிமுக்கு 192 வருடம் முன்பே ஒரு பெரிய விஞ்ஞானி நம்பியிருக்கிறார். 1819-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் 'ஊட்ஸ்' எஃகைப் பகுத்து ஆராய்ந்தார். ஊட்ஸ் என்பது தென்னிந்தியாவிலிருந்து போன மூசை எஃகு. இரும்பையும் இலை, மரத்துண்டுகளையும் களிமண் மூசையில் அடைத்து, வாயை மூடி, உலையில் வைத்துச் செய்வது. இலையும் மரமும் கரியாகி அந்தக் கார்பன் இரும்புக்குள் போகும். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். எஃகின் மேல் அவருக்கு ஈடுபாடு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஊட்ஸின் தனிக்குணத்துக்கு அதில் கலந்திருக்கும் கொஞ்சம் அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, அலுமினாவைச் சேர்த்து ஊட்ஸை நகலெடுக்கவும் பார்த்தார். ஊட்ஸின் ரகசியம் சுமார் 1.5 சதவீதக் கார்பனும், அது எஃகுக்குள் கார்பைடுகளாகப் படிந்து நிற்கும் விதமும் என்பது பிறகுதான் தெளிவானது.

ஸ்கைரிமின் எஃகு ஃபாரடேயின் தவறான எஃகு. இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் நம் 'குருந்தம்' போய்ச் சேர்ந்த வடிவம். ஊட்ஸ் என்பது 'உருக்கு' அல்லது கன்னட 'உக்கு' என்பதன் திரிபு என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆக, அந்தப் பனிநாட்டு உலையில் குருந்தமும் உருக்கும் ஒன்றாகக் கொதிக்கின்றன, கேம் செய்தவர்களுக்குத் தெரியாமலே. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களும், நீலக்கல் உட்படப் பல மணிகளைச் செதுக்கிய பட்டறைகளின் தடயங்களும் ஒரே ஊரில் கிடைத்தன. குருந்தமும் உருக்கும் நிஜத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவை. ஒரே மூசைக்குள் மட்டும் போகவில்லை.

பெயர்ப் பொருத்தத்தால் இது ஒரு லாபம். பெயர் தன் ஊரையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் அதைப் பிரித்துப் பார்ப்பது நம் வேலையாகிவிடுகிறது. கேம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நிறமும் தொழிலும்

மைன்கிராஃப்ட்டின் ரெட்ஸ்டோனுக்கு வருவோம். ஆழத்தில் கிடைக்கும் சிவப்புத் தாது. உடைத்தால் சிவப்புத் தூள். தரையில் கோடாகக் கொட்டினால் மின்கம்பி மாதிரி சமிக்ஞையைக் கடத்தும், 15 கட்டி தூரம் வரைக்கும். அதன் பிறகு வலு தீர்ந்துவிடும். ரெட்ஸ்டோன் தீப்பந்தம் ஒன்றை வைத்தால் உள்ளே வரும் சமிக்ஞை தலைகீழாகும். கணினிப் பாடத்தில் வருகிற 'நாட் கேட்' இதுதான். இதை வைத்துக் கூட்டல் கருவி, நினைவகம், கடைசியில் முழுக் கணினியே கட்டியிருக்கிறார்கள்.

நிறத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் உடனே சாதிலிங்கம் என்பார்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த ரத்தச் சிவப்புத் தாது, பொடித்தாலும் சிவப்பு. கண்ணுக்கு நல்ல பொருத்தம். ஆனால் தொழிலில் சாதிலிங்கம் சாயமாகவும் பாதரசத்துக்கான தாதுவாகவும்தான் இருந்திருக்கிறது. சமிக்ஞையைச் சுமந்த சரித்திரம் அதற்கு இல்லை.

என் ஓட்டு கியூப்ரைட்டுக்கு. இரண்டு செம்பு அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் என்ற கணக்கில் அமைந்த ஆக்சைடு. இதுவும் அடர் சிவப்பு, பொடியும் சிவப்புதான். இதே சேர்மம் ஒரு குறைகடத்தி. செம்புத் தகட்டைச் சூடாக்கி, மேலே இந்த ஆக்சைடு படலத்தை வளர்த்து, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற கருவிகளை 1920-களில் செய்தார்கள். சிலிக்கான் டயோடு வருவதற்கு முன்பு பேட்டரி சார்ஜர்களில் வேலை பார்த்தது இந்தச் சிவப்புப் படலம். ரெட்ஸ்டோன் ரிப்பீட்டரும் சமிக்ஞையை ஒரு பக்கம் மட்டும்தான் விடும்.

மண்ணிலிருந்து எடுத்த கல்லே மின்கருவியாவது கற்பனையாகத் தெரியலாம். ஆனால் மின்னணுவியலின் தொடக்கமே அதுதான். 1874-இல் பெர்டினாண்ட் பிரவுன் சில உலோக சல்ஃபைடு படிகங்கள் மின்சாரத்தை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விடுவதைக் கவனித்தார். ஜகதீஷ் சந்திர போஸ் கலேனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை மின்காந்த அலையைக் கண்டறியும் கருவியாக்கி 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆரம்பகால ரேடியோக்களில் ஒரு கலேனாத் துண்டின் மேல் மெல்லிய கம்பி முனையைத் தொட்டுத் தொட்டு, நிலையம் கிடைக்கும் புள்ளியைத் தேடினார்கள். தொழிற்சாலையில் சுத்தப்படுத்திய பொருளே கிடையாது, சுரங்கத்திலிருந்து வந்த கல் அப்படியே.

மைன்கிராஃப்ட்டில் இந்த உணர்வு எங்கோ இருக்கிறது. இரண்டு சமிக்ஞைகளை ஒப்பிடும் 'கம்பேரட்டர்' செய்ய ரெட்ஸ்டோன் மட்டும் போதாது, குவார்ட்ஸும் வேண்டும். வெளிச்சத்தை உணரும் கருவிக்கும் கண்ணாடியோடு குவார்ட்ஸ் வேண்டும். நம் உலகில் குவார்ட்ஸ் என்பது சிலிக்கான் டை ஆக்சைடு. சிப்புக்கும் சூரியத் தகட்டுக்கும் சிலிக்கான் அதிலிருந்துதான் வருகிறது. கடினம், அடர்த்தி எண்களை வைத்து யார் பொருத்தம் பார்த்தாலும் இது பிடிபடாது. தொழிலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எதற்குப் பொருத்தம்?

இந்த இடத்தில், பொருத்தம் பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவர்களைப் பார்த்துவிடலாம். நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் பூமியில் சோதிக்க நிலவு மண் வேண்டும். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த மண்ணைச் சோதனைக் கூடத்தில் டன் கணக்கில் கொட்ட முடியாது. அதனால் போலி மண் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களில் செய்த ஜேஎஸ்சி-1 என்ற போலி மண் அரிசோனாவின் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. நிலவில் கறுப்பாகத் தெரியும் சமவெளிகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தவை என்பதால் அங்கே அது சரி. சந்திரயான் 2-க்கு வேண்டியிருந்தது வெளுப்பாகத் தெரியும் மேட்டு நிலத்தின் மண். அதன் பெரும்பகுதி அனார்த்தோசைட் என்ற பாறை. அந்தப் பாறையை இஸ்ரோ எடுத்தது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களிலிருந்து. அதை உடைத்து, அரைத்து, துகள் அளவைச் சரிசெய்து, பெங்களூரில் தரையாகப் பரப்பினார்கள்.

சித்தம்பூண்டிப் பாறையில் குருந்தமும் இருக்கிறது என்பது நிலவியலாளர்களுக்குப் பழைய செய்தி. ஸ்கைரிமில் சந்திரகாந்தக் கல்லும் ஒரு தாது என்று மேலே சொன்னேன். நிஜச் சந்திரகாந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்; அனார்த்தோசைட்டும் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார்தான், வேறு கிளை. நிலா வெளிச்சம் தெரிகிறதே என்று ஒரு கல்லுக்குப் பெயர் வைத்தார்கள், நிலாவின் வெள்ளைப் பகுதியும் அதே குடும்பத்துக் கல்லாகவே அமைந்துவிட்டது. இது தற்செயல். சித்தம்பூண்டி தற்செயல் இல்லை. அங்கே பொருத்தம் பார்த்தவர்களுக்கு எதற்காகப் பார்க்கிறோம் என்பது தெரிந்திருந்தது. சக்கரம் புதைகிறதா என்று பார்க்க ஒரு மண், வேதியியல் கருவியைச் சோதிக்க இன்னொரு மண். ஒன்று மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம். நிலவில் காற்றும் நீரும் இல்லாததால் துகள்களின் முனை மழுங்குவதில்லை. விண்கல் மோதி உருகிய கண்ணாடித் துணுக்குகளும் கலந்திருக்கும். பூமியின் பாறையை அரைத்து இதை எல்லாம் முழுசாகக் கொண்டுவர முடியாது. எது வரவில்லை என்ற கணக்கும் போலி மண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

கேம் கனிமங்களின் பொருத்தத்தில் நான் பார்க்கும் குறை இதுதான். எதற்கு என்ற கேள்வியும் இல்லை, எது வரவில்லை என்ற கணக்கும் இல்லை.

பூர்வீகம்

பூர்வீகப் பொருத்தத்தில் எல்லாரையும் விட முன்னால் நிற்பது 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். பல வருடம் எழுத்துக் குறிகளே அதன் வரைகலை. 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீமில் வந்தது. குள்ளர்கள் கூட்டம் ஒன்று மலையைக் குடைந்து கோட்டை கட்டுகிறது. இதில் பாறை அடுக்குகள் படிவுப்பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை என்று பிரிந்திருக்கின்றன. எந்தப் பாறையில் எந்தத் தாது என்பதற்கு விதி உண்டு. வைரம் வேண்டும் என்றால் கிம்பர்லைட் தேட வேண்டும். வெள்ளீயத் தாது கிரானைட்டில். கலேனாவை உருக்கினால் ஈயம் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கூடவே வெள்ளியும். நிஜக் கலேனாவிலும் வெள்ளி கலந்துதான் இருக்கும்.

எஃகு இங்கே சுலபத்தில் வராது. ஹெமடைட், மேக்னடைட், லிமோனைட் இவற்றில் ஒன்றிலிருந்து இரும்பு. இரும்போடு சுண்ணாம்புக்கல் மாதிரியான இளக்கியும் கரியும் சேர்த்து வார்ப்பிரும்பு. அதோடு மறுபடியும் இரும்பு, இளக்கி, கரி சேர்த்தால் எஃகு. இளக்கி கிடைக்காத இடத்தில் கோட்டை கட்டினால் எஃகு கனவுதான், வியாபாரிகளை நம்பி இருக்க வேண்டியது. ஸ்கைரிமின் உலையில் இரண்டு கல்லைப் போட்டு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே எஃகுக்கு ஒரு நிலம் தேவைப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் பாக்சைட். நம் உலகில் அலுமினியத்தின் முதன்மையான தாது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் பாக்சைட் தாராளமாகக் கிடைக்கலாம், ஆனால் அதை உருக்கி அலுமினியம் எடுக்க முடியாது. தனி உலோகமாக அபூர்வமாகக் கிடைக்கும் அலுமினியம் மட்டும்தான், அதன் மதிப்பு பிளாட்டினத்துக்குச் சமம். முதலில் பார்க்கும்போது குறை மாதிரி இருக்கும். யோசித்தால் சரி. பாக்சைட்டிலிருந்து மலிவாக அலுமினியம் எடுக்கும் மின்பகுப்பு முறையை ஹாலும் ஹெரூவும் தனித்தனியாகக் கண்டது 1886-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1884-இல், வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்த சிறிய அலுமினியக் கூம்பு பெருமைக்குரிய அலங்காரம். மின்சாரம் இல்லாத குள்ளர்களுக்குப் பாக்சைட் வெறும் சிவப்புக் கல். ஒரு கல் தாதுவாவது அதன் வேதியியலால் மட்டும் இல்லை, அதை உடைக்கத் தெரிந்த காலத்தாலும்தான் என்பதை இந்தக் கேம் ஒரு சின்னத் தடையில் சொல்லிவிடுகிறது.

கற்பனை உலோகத்தையும் இது பூர்வீகத்தோடுதான் தருகிறது. அடமன்டைன், கிரேக்கத்தில் 'அடக்க முடியாதது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். மிக ஆழத்தில், தீக்குழம்புக் கடலை ஊடுருவி நிற்கும் தூண்களாக இருக்கும். அடர்த்தி தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு, தக்கை மாதிரி. அதை நூல் நூலாகப் பிரித்தெடுத்து, பிறகுதான் உலோகமாக்க வேண்டும். இதற்கு நிஜத்தில் ஜோடி இல்லை. ஆனாலும் நம்ப முடிகிறது, ஏனென்றால் எடுப்பதற்கான வழியும் விலையும் சொல்லப்பட்டிருக்கின்றன. பேராசையில் அளவுக்கு மேல் தோண்டினால் தூணின் உட்குழிவு திறந்து பாதாளத்துப் பேய்கள் மேலே வரும். கோட்டை அழியும்.

மைன்கிராஃப்ட்டும் பிற்காலத்தில் இந்தப் பக்கம் நகர்ந்தது. 2021-இல் வந்த 1.17 பதிப்பில் செம்பு சேர்ந்தது. செம்புக் கட்டியால் கூரை போட்டால் நாளாக நாளாகப் பழுப்பாகி, கடைசியில் பச்சையாகிறது. தேன்மெழுகு பூசினால் அந்த நிலையில் நின்றுவிடும். வெண்கலச் சிலைகளைக் காப்பவர்களும் மெழுகுதான் பூசுகிறார்கள். செம்பில் ஏறும் களிம்பைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாக்கியது. உயிரோடு கூடவே இருப்பது, சுரண்டினால் போகாது. மைன்கிராஃப்ட்டில் கோடரியால் சுரண்டினால் போய்விடுகிறது என்பது வேறு விஷயம். அந்தப் பச்சையில் ஒரு பகுதி மாலகைட்டின் வேதியியலே. ஸ்கைரிம் பெயராக மட்டும் வாங்கிய கல், பெயர் சொல்லாமலே இங்கே கூரையில் வளர்கிறது. கல்லுக்கு வயதாவதைக் காட்டும் கேமைப் பெயர்களை அடுக்கும் கேமைவிட மேலாக நினைக்கிறேன்.

பொருந்தாத மிச்சம்

இப்போது ஒரு கணக்கு. மைன்கிராஃப்ட்டில் ஒரு கட்டி என்பது ஒரு கன மீட்டர். ஒரு தங்கத் தாதுக் கட்டியை உடைத்து உருக்கினால் ஒரு பாளம். ஒன்பது பாளம் சேர்ந்தால் ஒரு முழுத் தங்கக் கட்டி. ஒரு கன மீட்டர் தங்கம் 19.3 டன். ஆக ஒரு பாளம் 2.1 டன். தாதுக் கட்டியின் மீதி சாதாரணப் பாறை என்று வைத்தால் அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி தங்கம். நிஜச் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவுக்குச் சில கிராம் கிடைக்கும். டன்னுக்கு 5 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு சவரனுக்கு 1,600 கிலோ பாறையை உடைத்து அரைக்க வேண்டும். மைன்கிராஃப்ட்டின் தாது இதைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவு. ஆட்டக்காரரின் பையில் 36 அறை, அறைக்கு 64 கட்டி. முழுக்கத் தங்கமாக நிரப்பினால் 44,000 டன்னுக்கு மேல். மனிதர்கள் இதுவரை தோண்டிய மொத்தத் தங்கம் 2 லட்சம் டன்னுக்குச் சற்று அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பையில் போட்டுக்கொண்டு ஒருத்தர் ஓடலாம், ஏணியும் ஏறலாம்.

கேம் என்றால் அப்படித்தான், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டன்னுக்கு 5 கிராம் வைத்தால் யார் ஆடுவார்கள்? நியாயம். எந்தக் கேமும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எல்லாக் கேமும் ஒரே இடத்தில் விடுகிறது என்பது தற்செயலாகத் தெரியவில்லை. விடப்படுவது எப்போதும் கழிவு. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் குடைந்த இடமெல்லாம் கற்பாளங்கள் இறைந்து கிடக்கும். அவற்றை இழுத்து ஒதுக்கவே குள்ளர்களின் பாதி நாள் போகும். கழிவுக்கு உழைப்பு ஆகும் என்பது வரைக்கும் அது வந்துவிட்டது. அரைத்த சேறு, அதில் கலந்த அமிலமும் சயனைடும், அது போய்ச் சேரும் ஊர் என்பது வரை அதுவும் வரவில்லை.

கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிய சுரங்கம். தங்கம் போய்விட்டது. அரைத்த பாறைத் தூள் ஊருக்கு நடுவில் சயனைடு மேடுகளாக இன்னும் நிற்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று இரும்புச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். ஹெமடைட்டின் கடினம், நிறம், அடர்த்தி என்று அட்டவணை போடும்போது இந்தச் சேற்றுக்கு அதில் கட்டம் கிடையாது.

கற்பனைக் கல்லுக்கு நிஜ ஜோடி கிடைத்தே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இது கேம் இல்லை, சினிமா. 2006-இல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் கிரிப்டோனைட் வைத்த பெட்டியில் அதன் சேர்மானம் எழுதியிருக்கும்: சோடியம், லித்தியம், போரான், சிலிக்கேட், ஹைட்ராக்சைடு, கூட ஃபுளோரின். செர்பியாவில் யாதர் பள்ளத்தாக்கில் 2004-இல் கண்டெடுத்த புதிய கனிமம் ஒன்றை ஆராய்ந்தபோது, ஃபுளோரின் ஒன்றைத் தவிர எல்லாம் அதிலும் இருந்தது. யாதரைட் என்று பெயர் வைத்தார்கள். 2007-இல் உலகம் முழுக்க 'கிரிப்டோனைட் கிடைத்துவிட்டது' என்று செய்தி. பச்சை இல்லை, வெள்ளை, கதிர்வீச்சும் இல்லை. அதனால் என்ன, சேர்மானப் பொருத்தம் பிரமாதம்.

அதில் இருக்கும் லித்தியம்தான் பிறகு முக்கியமாயிற்று. சுரங்கத் திட்டம் வந்தது. பள்ளத்தாக்கில் விவசாயம் செய்கிறவர்கள் தண்ணீருக்கும் நிலத்துக்கும் பயந்து எதிர்த்தார்கள். 2021 கடைசியில் செர்பியா முழுக்கச் சாலை மறியல். 2022 ஜனவரியில் அரசு அனுமதியை ரத்து செய்தது. 2024-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றதும் அரசு திட்டத்தை மீட்டது. மறுபடியும் பெல்கிரேடில் பெரிய கூட்டங்கள். கையடக்கக் கருவியில் கேம் ஆடுகிறவர்களின் பேட்டரிக்குள் இருப்பது லித்தியம். அது யாதரிலிருந்து வந்ததில்லை, ஆனால் வேறு ஏதோ ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தது.

எனவே யாராவது ரெட்ஸ்டோன் எது என்று கேட்டால் கியூப்ரைட் என்றுதான் இப்போதும் சொல்வேன். கூடவே ஒன்று சேர்த்துக்கொள்வேன். இன்று செம்புச் சுரங்கங்களில் பெரும்பாலானவற்றில் 100 கிலோ தாதுவில் 1 கிலோவுக்கும் குறைவாகத்தான் செம்பு இருக்கிறது. மீதி 99 கிலோவை எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்க ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தும் ஒரு கேம் வந்தால், அதில் வரும் கல்லுக்கு என்ன கற்பனைப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மற்றப் பொருத்தங்களைப் பார்க்காமலே நான் ஒத்துக்கொள்வேன்.